மாமியின் முதுகு

எங்கள் ஹோல் சுவரில் என் மாமியின் முதுகு இருக்கிறது. என் புருஷனைப் பெற்ற மாமிதான். பார்க்க வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று தலையை ஆட்டுகிறார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு அம்மா, ஆண்களின் உலகத்துக்கு முதுகு காட்டும் பெண் என்று விளக்கம் சொன்னா. சீனிக்குக் கியூவில் நிற்கிற மனிசி அது என்றேன். அதையும் எழுதிக்கொண்டு போனா. எனக்குத்தான் இன்றுவரை ஒன்றும் விளங்கவில்லை.

கீறியது என் ராத்தா, எனக்கு மூத்தவ. எழுபதுகளின் நடுப்பகுதி, பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தா. பின்னேரம் வந்து உடுப்பும் மாற்றாமல் சுவரில் கீறத் தொடங்கிவிடுவா. வரிசையாகப் பெண்கள், ஆளுயரத்துக்கு, எல்லாம் முதுகுப் பக்கம். உருவம் கீறினால் வீட்டுக்கு மலக்குமார், அல்லாஹ்வின் வானவர்கள், வரமாட்டார்கள் என்று உம்மா சண்டை பிடித்தா. அதற்குப் பயந்துதான் முகத்தை விட்டிருக்கிறா என்று நினைத்தேன். கேட்டால், "முகத்தக் கீறினா வடிவு பார்ப்பாங்க. முதுகுலதான் பட்ட பாடு தெரியும்" என்றா. மார்க்கப் பயமா, வேறு எண்ணமா? இரண்டுமாகவும் இருக்கலாம். ராத்தாவோடு எதைக் கதைத்தாலும் இப்படித்தான்.

முகம் இல்லாவிட்டால் ஆள் தெரியாதா என்ன? முக்காட்டோடு முன்னால் போகிறவளைப் பார்த்தே இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுகிற ஊர் எங்களது. பக்கத்து வீட்டுக்காரி ஒன்றைக் காட்டி, "இது நான்தானே" என்று வெட்கப்பட்டா. அடுத்த நாள் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்தா. அவவின் புருஷன் எங்கள் வாப்பாவோடு கதைப்பதையே விட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து எனக்குக் கலியாணம் பேசினார்கள். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார், வீடும் பெண்ணின் பேரில்தான். ராத்தா கலியாணமே வேணாம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டதால் அந்த வீடு எனக்கென்று ஆனது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்று மட்டும் கேட்டார்கள். சுவருக்கு வெள்ளை அடிக்க வேணும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்பார்களாம்.

எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது, அதை ஏன் மறைக்க? ராத்தாவின் சுவரும் பிடித்திருந்தது. என்ன செய்ய என்று அவவிடமே போய்க் கேட்டேன்.

"உன்ட வீடு, உன்ட சுவர். என்னக் கேக்காத."

அவ சண்டை பிடித்திருந்தால் நான் அழுதாவது அவ பக்கம் நின்றிருப்பேன். பாயைப் போட்டுப் படுத்துவிட்டா. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. உம்மா சுண்ணாம்பைக் கரைத்து வைத்துவிட்டா.

வேலை முடிந்ததா என்று பார்க்க மாமியே வந்து இறங்கினா. வாளி நடு ஹோலில் அப்படியே இருந்தது. மாமி சுவரைக் கடைக்கண்ணால் பார்த்தா, பிறகு நேராகப் பார்த்தா, ஒரு இடத்தில் நின்றுவிட்டா. ஒரு காலில் பாரத்தை வைத்து, கையைப் பின்னால் கொடுத்து இடுப்பை அமத்திக்கொண்டு நிற்கிற பெண் அது.

"இது நானா புள்ள?"

"ஓம். சங்கக்கடையில சீனிக்கு நிண்டீங்க. உங்களுக்குப் பின்னால நான், எனக்குப் பின்னால ராத்தா."

மாமியின் கை தன் இடுப்புக்குப் போனது. "கடைசிப் புள்ள பிறந்ததில இருந்து இந்த நோவு," என்றா. "ஊட்டுல ஒருத்தருக்கும் தெரியாது." பிறகு உம்மாவைப் பார்த்து, "மத்ததுக்கெல்லாம் அடிங்க. இதுக்கு வேணாம்," என்றா.

இதென்ன நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள். அடித்தோம். பக்கத்து வீட்டுக்காரியும் மற்றவர்களும் வெள்ளைக்குக் கீழே போனார்கள், மாமி மட்டும் மிஞ்சினா. கலியாணமும் நடந்தது. ராத்தா அதற்குப் பிறகு சுவரைத் தொடவில்லை. கையோடு கொண்டுபோகலாம் என்று பலகையிலும் துணியிலும் கீறினா. எண்பதுகளில் கொழும்பில் கண்காட்சி வைத்தா, பத்திரிகையில் எழுதினார்கள். அவவிடம் படித்த பிள்ளைகள், அடுப்படியிலும் தறியிலும் இருக்கிற தங்கள் உம்மாமாரின் முதுகைக் கீறத் தொடங்கினார்கள். தகப்பன்மார் அதிபரிடம் முறைப்பாட்டுக்கு வந்தார்களாம். அதில் ஒருவர் மட்டும் மகள் கீறியதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாராம்.

எனக்கு ஒன்று மட்டும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே கிடந்தது. வெள்ளைக்குக் கீழே போனதில் நான் எது? ஒரு பெருநாளைக்கு ராத்தா வந்திருந்தபோது கேட்டேவிட்டேன்.

"நீ அதில இல்ல," என்றா. மாமிக்குப் பக்கத்தில் சுவரைக் காட்டினா. "இந்தத் துண்ட உனக்கெண்டு விட்டிருந்தன். உன்ன மட்டும் முகத்தோட கீறணும் எண்டு ஆசை. அடி எண்டு சொல்லுவியா, வேணாம் எண்டு சொல்லுவியா எண்டு பார்த்துக்கொண்டு படுத்திருந்தன். நீ ஒண்டுமே சொல்லல்ல. எந்த முகத்தக் கீற?"

என்னைக் கேட்காதே என்று சொன்னவ அவதானே! எழும்பித் தேத்தண்ணி ஊற்றப் போனேன். இப்போது ஒவ்வொரு பெருநாளைக்கும் வெள்ளை அடிக்கும்போது அந்தத் துண்டை விட்டுவிடச் சொல்கிறேன். பழுத்துப்போய்க் கிடக்கிறது. ராத்தா வருவா, தேத்தண்ணி குடிப்பா, அதைப் பார்ப்பா, போவா. கீறச் சொல்லிக் கேட்பதா, விடுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.