காசிம் பாய் வண்டியில் அடித்த முட்டை நாற்றம்

காசிம் பாய் இறந்த செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது. முதலில் அவருடைய மகள் அழைத்தாள். அவர் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. "டீச்சர், அத்தா தவறிட்டாக. மத்தியானம் லுகர் தொழுகைக்குப் பெறகு அடக்கம். வாரீகளா?" என்றாள். அரைமணி நேரம் கழித்து, அவருடைய வேனில் ஒன்றாகப் போய்வந்த ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில், எங்கள் தலைமையாசிரியர் கணேசமூர்த்தி எழுதினார்: "நம் குடும்பத்தில் ஒருவரை இழந்துவிட்டோம்." அதன் கீழே ஆறு கும்பிடு. இந்த ஏழு பேரும் அந்த மனிதரின் வண்டியில் கால் வைத்து ஆறு வருடமாகிறது. அவர் மூன்று மாதம் படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத குடும்பம் இது. எட்டாவது ஆள் நான். ஒரே ஒரு முறை ஆரஞ்சுப் பழத்தோடு போய்வந்தேன். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

உங்களில் பலருக்கு அவரை வேன்காரராகத்தான் தெரியும். காலையில் அருப்புக்கோட்டையில் எங்களை ஏற்றி, பரளச்சி, திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் ஒவ்வொருவராக இறக்கிவிட்டு, மாலையில் அள்ளிக்கொண்டு திரும்புவார். அதற்கு முன் வளைகுடாவில் பல வருடம் ஒரு பட்டறையில் மெக்கானிக்காக இருந்தார். ஊர் திரும்பியதும், யாரும் சீண்டாத ஒரு பழைய வேனை வாங்கி ஓடவைத்தார். பழைய வண்டி என்றால் வாரத்துக்கு ஒரு நாற்றம் வரும். பாய் அதற்குச் சலித்துக்கொண்டதே இல்லை. சென்ட் அடிப்பதைத்தான் அவரால் சகிக்க முடியாது. நாங்கள் ஆளுக்கொரு வாசனை டப்பாவைக் கொண்டுவந்து கண்ணாடியில் தொங்கவிடுவோம். அவர் கழற்றி எங்கள் மடியிலேயே போடுவார். "நாத்தங்கிறது வண்டி நம்மகிட்டப் பேசுறது டீச்சர். அது வாயில துணிய அடைச்சிட்டு என்னத்தக் கேக்கப் போறீக?" என்பார்.

அவர் நாற்றம் தேடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிடுவார். பிறகு தன் சட்டைக் காலரை இழுத்து முகர்வார். அடுத்து அக்குள், கை, செருப்பு. அதன்பிறகுதான் டிரைவர் சீட்டு, மிதியடி, அடுத்த சீட்டு என்று பின்னால் போவார். முதல் தடவை பார்த்தபோது நான் சிரித்துவிட்டேன். "சிரிக்காதீக. மொதல்ல நம்ம நாத்தத்தக் கழிச்சிரணும். இல்லாட்டி ஊரே நாறுற மாதிரித்தேன் தெரியும்" என்றார். நல்ல வேடிக்கையான ஆள் என்று நினைத்துக்கொண்டேன். எம்.ஏ., பி.எட். படித்த எனக்கு அவ்வளவுதான் புரிந்தது.

ஒரு முறை பள்ளி விடுமுறை முடிந்து ஏறினால் வண்டிக்குள் இருக்க முடியவில்லை. பாய் தன் வழக்கப்படி தேடிக்கொண்டே போய், முன்சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்தார். கணேசமூர்த்தியின் தயிர்ச்சோறு, பத்து நாள் ஊறியது. திறந்துகூடக் காட்டாமல் அவர் கையில் கொடுத்தார். தலைமையாசிரியர், "வயசாகுதுல்ல, மறந்துட்டேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வருடம் ஆடி மாதம் முட்டை நாற்றம் வந்தது. அழுகிய முட்டையை உடைத்துப் போட்டதுபோல, பின்னாலிருந்து வந்தது. பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவள் பேச்சியம்மாள். எங்கள் பள்ளியில் சத்துணவு சமைப்பவள். பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்பதால், எங்களைப் போலவே பங்கு கொடுத்துத் திருச்சுழியில் ஏறுவாள். முன்னால் இடம் இருந்தாலும் அவள் பின்னால்தான் உட்காருவாள். உட்காருவாள் என்று எழுதுகிறேன். உட்காரவைத்தோம் என்பதே சரி.

சத்துணவுக்கூடத்தில் முட்டை உண்டு. வண்டியில் முட்டை நாற்றம் உண்டு. எங்கள் படிப்புக்கு இது போதுமானதாக இருந்தது. பிள்ளைகளின் முட்டையைத் திருடிப் பையில் போட்டுக்கொண்டு போகிறாள், ஒன்றிரண்டு உடைந்து சீட்டுக்குள் வழிந்துவிட்டது என்று முடிவாயிற்று. பாய் வண்டியை நிறுத்திவைத்து மூன்று தடவை தேடினார். நின்ற வண்டியில் நாற்றமே இல்லை. "பாத்தீரா பாய், அவ இல்லாதப்ப இல்ல" என்றார் கணேசமூர்த்தி. பாய், "வண்டி ஓடாதப்பவும் இல்லையே சார்" என்றார். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

பிறகு ஒரு சோதனை வைத்தோம். எங்களில் இரண்டு பேர் அறிவியல் ஆசிரியர்கள். பேச்சியம்மாளைச் சில நாள் பஸ்ஸில் வரச் சொன்னோம். அவள் நாற்றம் போகட்டும் என்று முதல் நாள் பின்கண்ணாடிகளைத் திறந்துவைத்தோம். நாற்றம் வரவில்லை. நிரூபணம்! இரண்டு நாள் கழித்துப் புழுதிக் காற்றுக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றினோம். நாற்றம் திரும்ப வந்தது. அவள்தான் வண்டியிலேயே இல்லையே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. "சீட்டுல ஊறிப்போச்சு" என்றார் ஓர் அறிவியல் ஆசிரியர். இவர்தான் பிள்ளைகளுக்குச் சோதனைமுறை என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறவர்.

ஒரு வெள்ளிக்கிழமை, முட்டை திருடுகிறாள், வேலையை விட்டு நீக்கவேண்டும் என்று ஒன்றிய அலுவலகத்துக்கு மனு போனது. பேச்சியம்மாளுக்குப் புருஷன் இல்லை, நிலம் இல்லை. அந்த வேலை ஒன்றுதான் இருந்தது. இது எட்டுப் பேருக்கும் தெரியும்.

மறுநாள் சனிக்கிழமை. நரிக்குடியில் ஒரு வளைகாப்புக்குப் போக அருப்புக்கோட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பாய் வண்டியை நிறுத்தினார். "ஏறுங்க டீச்சர். ஓட்டிப் பாக்கத்தேன் போறேன். பின்னால போயிப் பேச்சி உக்கார்ற எடத்துல உக்காருங்க" என்றார். கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. வெயில் நேரம். திருச்சுழி தாண்டும்வரை ஒன்றுமில்லை. அதன்பிறகு மெல்ல வந்தது. நரிக்குடி நெருங்கும்போது எனக்குக் கண் எரிந்து குமட்டியது. இந்த இடத்தில் அவள் மூன்று வாரமாக வாய் திறக்காமல் உட்கார்ந்து வந்திருக்கிறாள். அன்றுதான் எனக்கு அது உறைத்தது.

பாய் வண்டியை நிறுத்திப் பின்னால் வந்து, "இப்ப முட்டை யாருகிட்ட இருக்கு டீச்சர்? ஒங்ககிட்டயா, எங்கிட்டயா?" என்று கேட்டார். சீட்டைத் தூக்கினார். கீழே வண்டியின் பேட்டரி இருந்தது. பழைய சொந்தக்காரன் அங்கே வைத்தது. கைவைக்க முடியாத சூடு. மூடிகளைச் சுற்றி ஈரம் பொங்கியிருந்தது. பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை அளவோடு நிறுத்தும் கட்டவுட்டு பழுதாகிவிட்டது, அதனால் ஓட ஓடப் பேட்டரி கொதித்து இந்த நாற்றத்தைக் கக்குகிறது என்று விளக்கினார். "இன்னுங் கொஞ்சநாள் விட்டிருந்தா வெடிச்சிருக்கும். அந்தத் தங்கச்சி இதுக்கு மேல உக்காந்துல்ல வந்திருக்கு" என்றார். சொல்லிவிட்டுத் தன் தலையிலேயே ஒரு அடி அடித்துக்கொண்டார். "நின்ன வண்டியில தேடுனேன் பாருங்க. நானெல்லாம் ஒரு மெக்கானிக்கு."

திங்கட்கிழமை நான் கணேசமூர்த்தியிடம் பேட்டரி விஷயத்தைச் சொன்னேன். "கொடுத்த மனுவைத் திரும்ப வாங்கினா நமக்குத்தான டீச்சர் அசிங்கம்?" என்றார். நான் சரி என்றேன். ஒரு சொல். அதற்கு மேல் வாதாடவில்லை.

விசாரணை அன்று அதிகாரியின் மேசைக்கு முன்னால் நாங்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். பேச்சியம்மாள் சுவரோரம் நின்றாள். பாய் ஒரு சாக்குமூட்டையைத் தோளில் தூக்கிவந்து தரையில் இறக்கினார். "என்னய்யா இது?" என்றார் அதிகாரி.

"முட்டை சார். இந்தத் தங்கச்சி திருடி ஒளிச்சு வச்சது. மோந்து பாருங்க."

பாய் சாக்கைப் பிரித்தார். உள்ளே, ஓட்டிவந்த சூடு ஆறாத அந்தப் பேட்டரி. அதிகாரி குனிந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார். விசாரணை அத்தோடு முடிந்தது. பேச்சியம்மாளின் வேலை தப்பியது. மேசையில் கிடந்த மனுவைப் பாய் எடுத்துப் பார்த்தார். அவர் வேனின் பின்கண்ணாடியில் 'பள்ளி ஆசிரியர்கள்' என்று எழுதிக் கொடுத்தவள் நான்தான். அந்தக் கையெழுத்து அவருக்குத் தெரியும். தமிழ் டீச்சர், எழுத்து மணிமணியாக இருக்கும் என்று மனுவையும் என்னிடம்தான் எழுதச் சொன்னார்கள். பாய் என்னை ஒருமுறை பார்த்தார். தாளை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

மறுநாள் காலை வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பேச்சிகிட்ட ஒரு வார்த்த சொல்லுறதா இருந்தா ஏறுங்க. இல்லாட்டி வேற வண்டி பாத்துக்கங்க" என்றார். எட்டுப் பேரும் வேறு வண்டி பார்த்துக்கொண்டோம். புதிய வண்டி. ஏறினால் மல்லிகைச் சென்ட் மணக்கும். பிரியும்போது என்னிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார்: "என் வண்டியச் சுத்தமாப் பாத்துட்டேன் டீச்சர். இனிமே ஒங்களுக்கு நாத்தம் வந்தா அது வண்டி இல்ல."

அடக்கத்தன்று ஏழு பேரும் பெரிய ரோஜா மாலையோடு வந்தார்கள். மாலை போடும் வழக்கமில்லாத அந்த வீட்டில் அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வாசலில் விழித்துக்கொண்டு நின்றார்கள். கணேசமூர்த்தி பக்கத்தில் நின்றவரிடம் பேட்டரிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன கதையில், அவருக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் பேட்டரி மேல்தான். நான் அவரைக் கடந்து உள்ளே, பெண்கள் இருந்த பக்கம் போனேன்.

அங்கே பேச்சியம்மாள் இருந்தாள். எழுந்துவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணன் எப்பவும் சொல்லுவாக டீச்சர். எல்லாரும் சேந்து பழி போட்டப்ப, தமிழ் டீச்சர் ஒருத்தருதேன் எங்கூட வண்டியில வந்து, ஒன் சீட்டுல உக்காந்து பாத்தாகன்னு."

ஆறு வருடமாக அவளிடம் அதை மட்டுமே சொல்லியிருக்கிறார். மனுவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னைக் காப்பாற்றவா, ஊரில் ஒரு டீச்சராவது தன் பக்கம் நின்றாள் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்றா, தெரியவில்லை. கேட்க அவர் இல்லை. நான் வாயைத் திறக்காமல் நின்றேன். அன்றும்.

அந்த வண்டியைப் பற்றி நான் எழுதும் இரண்டாவது தாள் இது. முதல் தாளை எழுதியவளும் நான்தான் பேச்சி. உனக்கு இதை யாராவது வாசித்துக் காட்டுவார்கள் என்று இருந்துவிடமாட்டேன். நானே வந்து வாசிப்பேன். பாய் எனக்குத் தேடிக் கொடுத்துவிட்டுப் போன நல்ல பெயர் என்னுடையது இல்லை, அதை வைத்துக்கொள்ள மாட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய வழக்கம் ஒன்றைத்தான். அடக்கத்துக்குப் போய்வந்த அன்று வீட்டுக் கதவைச் சாத்தி, சன்னல்களையும் அடைத்துவிட்டு, நீ பிடித்திருந்த என் வலது கையை எடுத்து முகர்ந்து பார்த்தேன்.