பிலோமினா அளந்த இடைவெளி

கியர்பாக்ஸை மூடும் முன் பிலோமினா இரண்டாம் முறை அளந்தாளா? எனக்குத் தெரியாது. அவள் தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று அவளுடைய தம்பி சேவியர் காலையில் தொலைபேசியில் சொன்னபோது, அழுகைக்கு முன் வந்தது இந்தக் கேள்விதான்.

அவளிடம் இயற்பியல் படித்தவர்களுக்கும் நம் கல்லூரியில் உடன் வேலை பார்த்தவர்களுக்கும் அவள் அப்பாவின் பழைய அம்பாசடரைத் தெரியும். நம்மில் பாதிப் பேர் அதில் திருச்செந்தூர் வரை போயிருக்கிறோம். கிளட்ச் பெடல் முழங்காலுக்குக் கனக்கத் தொடங்கியதும் வண்டியை விற்கச் சொன்னோம். "முட்டிய வேணா வித்துருதேன்" என்றாள்.

விற்கவில்லை. கான்சென்ட்ரிக் சிலிண்டர் ஒன்றை வரவழைத்தாள். வளையம் போன்றது. கியர்பாக்ஸின் தண்டைச் சுற்றி உள்ளேயே உட்கார்ந்து, பெடலை மிதித்ததும் எண்ணெயின் அழுத்தத்தால் கிளட்சை நேராகத் தள்ளும். கால் நோகாது. ஆனால் மூடிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அதற்கும் கிளட்சுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான் இடைவெளி இருக்கலாம். குறைந்தால் கிளட்ச் வழுக்கும். கூடினால் பிஸ்டன் வெளியே வந்து எண்ணெய் கொட்டிவிடும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் எஞ்சினின் பிடி விடாது. வண்டி முன்னால்தான் போகும்.

நான் வரலாறு கற்பிப்பவள். எதையும் ஒருவர் சொன்னதற்காக நம்புவதில்லை. அவள் அளந்ததை நானும் அளந்தேன். அவளுடையதைவிட என் அளவு ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதல், வரம்பைத் தாண்டியது. அவள் கோபப்படவில்லை. "ஏளா, அளந்தத நம்பு, அளந்தவள நம்பாத. அது நானா இருந்தாலுஞ் சரி" என்றாள். மறுநாள் திரும்ப அளப்பதாகப் பேச்சு.

மறுநாள் தேர்வுக்கூடத்திலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் கியர்பாக்ஸ் ஏறி, போல்ட்டுகள் முறுக்கப்பட்டிருந்தன. அவள் வண்டிக்கடியில் படுத்திருந்தாள். அளந்தாயா என்று கேட்டேன். கீழேயிருந்து சிரிப்பு மட்டும் வந்தது. பிறகு, "மிதி" என்றாள். குழாயிலிருந்த காற்று வெளியேறும் வரை அவள் சொல்லச் சொல்ல மிதித்தேன். நின்ற வண்டியில் பெடல் உறுதியாகவே இருந்தது. அன்று இரவுதான் அவள் இறந்தாள்.

இழவு வீட்டில் சேவியர் தன் ஆசையைச் சொன்னான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களின் பின்னால் அந்தக் கார் கோயில் வரை மெல்ல வர வேண்டும், அவனே ஓட்டுவான். நடைவேகத்தில் போகும் வண்டி. அடிக்கு அடி மிதிக்க வேண்டிய கிளட்ச். பம்பருக்கு முன்னால் பெண்களும் பிள்ளைகளும்.

அவனைத் தனியே அழைத்து ஒன்றரை மில்லிமீட்டரைச் சொன்னேன்.

"அக்கா மாட்டுனது டீச்சர். அவ செத்த அன்னைக்கே அவளச் சந்தேகப்படுதிய."

"ஆமா" என்றேன். "வண்டி ஓடுனா நான் அதுக்கு முன்னால நடப்பேன். மோதுனா மொதல்ல என்மேல மோதட்டும்."

சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனான். அடக்கம் முடியும்வரை என்னோடு பேசவில்லை.

அடக்கத்தன்று எஞ்சினை எழுப்பாமல், கியரை விடுவித்து, தெரு ஆட்கள் காரைத் தள்ளினார்கள். சேவியர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். வேர்த்துப்போன ஒருவர், "பிலோமி இருக்கும்போதும் தள்ள வச்சா, போகும்போதும் தள்ள வைக்கா" என்றார். சிலர் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. ஆளில்லாத சாலையில்கூட அந்தப் பம்பரையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, அளந்ததை நம்பச் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான். அது ஆறுதல் தரும் வாக்கியம் அல்ல.

அடுத்த நாள் நடந்தது இது. காலையிலேயே சேவியர் கூப்பிட்டான். மெக்கானிக் ஒருவரை வைத்து கியர்பாக்ஸை இறக்கியிருந்தான். அளந்தேன். அவளுடைய அளவும் இல்லை, என்னுடையதும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, இருக்க வேண்டிய வரம்புக்குள் இருந்தது. அவள் திருத்தினாளா, நாங்கள் இருவருமே பிசகாக அளந்தோமா, சொல்ல முடியாது.

"அப்பம் ஓட்டிருக்கலாம்" என்றான் சேவியர்.

"ஓட்டிருக்கலாம்" என்றேன்.

மூடச் சொல்லி மெக்கானிக்குக்குக் கை காட்டினான். கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, இன்னொரு முறை அளந்தேன்.