ஷெரினைச் சேர்த்த கராத்தே வகுப்பு

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன மரிய செல்வி உயிரோடு திரும்பவில்லை. அவள் கணவன் ஜஸ்டினுக்கு அழுகை வரவில்லை. இலுப்பூரில் மின்வாரிய ஒயர்மேன் அவன். காலையில் கம்பம் ஏறினான், மாலையில் வீடு திரும்பினான். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ஷெரினுக்குச் சடை பின்னப் பழகிக்கொண்டான். வகிடு கோணலாகத்தான் வந்தது. அவள் அப்படியே பள்ளிக்குப் போனாள்.

ஒரு ஞாயிறு, ஆவூர் சர்ச்சில் பூசை முடிந்ததும் கொழுந்தியாள் ஃபெமினா அவனை நிறுத்தினாள். ஷெரினின் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். நகம் பதிந்த கன்றல்கள்.

"பக்கத்துல உக்கார்ற புள்ள கிள்ளுதாம் அத்தான். கிள்ளுறப்ப இவ வாயே தொறக்க மாட்டேங்குறாளாம். டீச்சர்கிட்ட நான் பேசுறேன். நீங்க இவள கராத்தேல எதுலயாச்சும் சேத்துவிடுங்க."

கோபம் வந்திருக்க வேண்டும்; வரவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னான்.

இலுப்பூரில் ஒரு வகுப்பு, பெயிண்ட் கடை மாடியில். சுவர் முழுக்கக் கோப்பைகள். மாஸ்டர் பிரம்போடு நடந்தார். கால் சரியாக வைக்காத பிள்ளைகளுக்குக் கெண்டைக்காலில் ஒரு சுளீர்.

"மாவட்ட அளவுல மெடல் வாங்க வச்சிருவேங்க."

வீட்டுக்குப் பக்கம், அது போதும் என்றிருந்தது ஜஸ்டினுக்கு. சரி என்று சொல்ல வாயெடுத்தவன் கீழே பார்த்தான். ஷெரின் குனிந்து, தன் கெண்டைக்கால்களை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நின்றாள்.

"அப்புறம் வாரேங்க."

குளத்தூரில் இருளாயி என்ற பெண் நடத்தும் வகுப்பைப் பற்றி உடன் வேலை பார்ப்பவர் சொன்னார். தொலைவுதான். கல்யாண மண்டபத்தின் பின்கட்டில், சிறுசுகள் ஜோடி ஜோடியாக நின்றன. ஒன்று கையைப் பிடிக்க, மற்றது "விடு!" என்று கத்தி உருவிக்கொண்டது.

"நீயும் பண்ணிப் பாக்குறியா? அப்பா பிடிப்பாங்க, நீ விடுன்னு சொல்லி இழுக்கணும்" என்றாள் இருளாயி.

ஜஸ்டின் மகளின் மணிக்கட்டைப் பிடித்தான். ஷெரின் இழுக்கவில்லை.

"சத்தமா சொல்லும்மா" என்றாள் இருளாயி.

ஷெரின் மற்ற கையையும் கொண்டுவந்து அவன் விரல்களை இறுக்கிக்கொண்டாள். "சொல்ல மாட்டேன். அப்பா விட்டுருவாங்க."

இருளாயி அவர்கள் இருவரையும் பார்த்தாள். "அப்ப சொல்ல வேண்டாம் கண்ணு. இன்னைக்கு உக்காந்து பாரு" என்று ஒரு பாயை விரித்தாள்.

அங்கேயே சேர்த்துவிட்டான்.

பல வாரம் ஷெரின் பாயில்தான் இருந்தாள். இருளாயி விரட்டவில்லை. ஒருநாள் தானாக எழுந்துபோய்த் தன் உயரமுள்ள ஒரு பெண்ணிடம் கையை நீட்டினாள். அந்தப் பெண் பிடித்ததும் ஷெரின், மண்டபம் அதிர, "விடு!" என்றாள். பெற்றோர்கள் கை தட்டினார்கள். ஜஸ்டினும் தட்டினான். சந்தோஷம் வரும் என்று சற்றுக் காத்திருந்தான். மார்புக்குள் அதே மந்தம்தான்.

பள்ளியில் அந்தப் பிள்ளை இப்போது கிள்ளுவதில்லை என்று ஃபெமினா போனில் சொன்னாள். வகுப்பு முடிந்து வரும்போது பைக்கின் முன்னால் உட்கார்ந்து ஷெரின் ஓயாமல் பேசத் தொடங்கியிருந்தாள். ம், ம் என்றபடி ஓட்டுவான். பாதிதான் மனதில் ஏறும். வாசலில் வண்டியை அணைத்த பிறகும், அவள் சொல்லி முடிக்கும்வரை இறங்காமல் உட்கார்ந்திருப்பான்.