தங்கை கொண்டுபோன பெயர்

சட்டைக் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் இஸ்திரி அக்கா. காலர் தேய்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாயும் இஸ்திரிப் பெட்டி மாதிரிதான், எப்போதும் சூடு. அந்தச் சூடு தங்கையிடம் மட்டும் செல்லாது.

சின்ன வயதிலிருந்தே செருப்பு, குடை, சீப்பு எல்லாம் இருவருக்கும் பொது. தங்கை வயிற்றில் கட்டி என்றார்கள். அடையாள அட்டை இருந்தால்தான் இலவச சிகிச்சை. அவள் அட்டையோ வீடு மாறியதில் முடங்கிக் கிடந்தது. அக்கா யோசிக்கவே இல்லை, தன் அட்டையை அவள் கையில் வைத்து அழுத்தினாள்.

"பிடிச்சிட்டாங்கன்னா?"

"அந்த போட்டோவுல என்னை எனக்கே அடையாளம் தெரியல. நீ தைரியமா போ."

ஆஸ்பத்திரி கவுன்டர்காரர் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், தலையாட்டினார். விரல்ரேகைக் கருவி உறை போட்டபடி மேசையில் தூங்கியது. வீட்டைப் பூட்டிச் சாவியை வாசலிலேயே மாட்டிவைத்த கதைதான். ஆனால் அன்றைக்கு அந்த ஓட்டை, பாவம், அவர்களுக்குக் கடவுள் விட்ட வழியாகத் தெரிந்தது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு தங்கை கண் விழிக்கவே இல்லை. இறந்ததாகப் பதிவானது அக்காவின் பெயர். அழுகையில் அதைச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

அழுது ஓய்ந்து வேலைக்குப் போனால், அடையாள அட்டையோடு இணைத்திருந்த கம்பெனி வாசல் விரல்ரேகைக் கருவி உள்ளே விடவில்லை. விரலைத் துடைத்து மறுபடி வைத்தாள். 'இறந்தவர்' என்றது.

அட்டை அலுவலக அதிகாரி நல்ல மனுஷி. முழுவதும் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தங்கச்சி உங்களுக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லிடுங்கம்மா. செத்தவங்க மேல யாரும் கேஸ் போட மாட்டாங்க. நீங்களே கொடுத்தீங்கன்னா மோசடி கேஸு. வேலையும் போயிடும்."

அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். வேலை போனால் அடுப்பு எரியாது. தங்கை மகளும் இப்போது அவள் வீட்டில்தான். ஒரு தலையாட்டல் போதும், எல்லாம் சரியாகிவிடும்.

"அப்படி எழுதினா அது அழியாதுல்ல?"

"அழியாது."

"நாளைக்கு அவ பொண்ணு பார்ப்பா."

அதிகாரி படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அவ திருடலம்மா. கேட்கக்கூட இல்ல. நான்தான் கையில திணிச்சேன். அப்படியே எழுதுங்க."