எண் போட்ட பலகைகள்

டார்ன்லி என்ற பெயரை நான் முதலில் கேட்டது, சாலையில் ஒரு வீடு போய்க்கொண்டிருந்த அன்று. லாரியின் முதுகில் நான்கு சுவர்களும் படுத்துக் கிடக்க, மேலே ஒரு பையன் ஜன்னல் கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "யாருடி அது?" என்று என் அத்தை மகள் வெல்மாவைக் கேட்டேன்.

"டார்ன்லி கிட்டென்ஸ். செயின்ட் ஆண்ட்ரூல எவனோ ஏதோ சொல்லிட்டானாம். வீட்டைக் கழட்டிக்கிட்டு செயின்ட் பீட்டருக்குப் போறான்."

இவனைக் கட்டப்போகிறவள் பாவம் என்று வயிறு வலிக்கச் சிரித்தேன். மூன்றாம் வருஷம் அவனைக் கட்டியவள் என் கூடப்பிறந்த தங்கை இஸ்மே.

மர வீட்டைக் கழற்றிக்கொண்டு போவது எங்கள் பார்படோஸில் புதிதல்ல. நிலம் தோட்டத்துரையுடையது, வீடு நம்முடையது. துரை போ என்றால் வண்டியில் ஏற்ற வேண்டியதுதான். அதற்காகத்தானே நாலு சுண்ணாம்புக்கல்லை அடுக்கி, அதன்மேல் வீட்டைச் சும்மா உட்கார வைத்தார்கள். என் தாத்தாவும் அப்படி நகர்ந்தவர்தான். ஆனால் அவரை விரட்டினார்கள். டார்ன்லியை யாரும் விரட்டுவதில்லை. 'நீங்க இந்தப் பக்கத்து ஆள் இல்லையே' என்று ஒரு வாய் சொன்னால் போதும், மறுநாள் சாக்கட்டியும் கையுமாக நிற்பான். ஒவ்வொரு பலகையின் உட்பக்கமும் ஓர் எண். மங்கியதைத் திருப்பி எழுதுவான். வீடு நிமிர்ந்த பிறகும் எண் அங்கேயே இருக்கும், அடுத்த தடவைக்கு. இஸ்மே ஒரு முறை ஈரத்துணியால் சுவரைத் துடைக்கப் போய், மூன்று நாள் அவன் அவளோடு பேசவில்லை.

செயின்ட் ஆண்ட்ரூ, செயின்ட் பீட்டர் என்று தீவில் வட்டாரம் பதினொன்று. அதில் ஏழில் என் தங்கை சமைத்திருக்கிறாள்.

டார்ன்லிக்கு ஆறு வயதில் அப்பா செத்துப்போனார். அந்த நாளில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு சபை உண்டு. ஏழைக்கு மாவும் துணியும் கொடுப்பது அதுதான். அதுவும் தன் வட்டாரத்து ஏழைக்கு மட்டும். அவன் அம்மா போய்க் கேட்டதற்கு, வாழ்ந்த வட்டாரத்தில் 'பிறந்த இடத்தில் போய்க் கேள்' என்றார்கள். பிறந்த வட்டாரத்தில் 'புருஷன் ஊரில் போய்க் கேள்' என்றார்கள். எந்த இரண்டு வட்டாரம் என்று சொல்லமாட்டேன், இரண்டிலும் எனக்கு உறவு உண்டு. இவன் கையைப் பிடித்துக்கொண்டு குன்றில் நான்கு தடவை ஏறி இறங்கினாளாம் அவன் அம்மா. அந்தச் சபைகளைக் கலைத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இவனுக்கு மட்டும் கலையவில்லை.

"அவங்க போன்னு சொல்றதுக்குள்ள நான் போயிடணும் மதினி."

"யாருப்பா உன்னைப் போகச் சொன்னது?"

"சொல்லுவாங்க."

இப்படி ஓர் ஆளிடம் என்னதான் பேசுவது?

இஸ்மே போகிற இடமெல்லாம் ஒரு சீமைப்பலாக் கன்று நடுவாள். எதுவும் காய்க்கும்வரை அவள் அங்கே இருந்ததில்லை. செயின்ட் பீட்டரில் நட்டதை இன்றைக்கு யார் யாரோ சுட்டுத் தின்கிறார்கள். ஏழாவதாக செயின்ட் ஜோசப்பில் நட்டதுதான் இந்த வருஷம் காய்த்தது. பதினோரு காய். நானே எண்ணினேன்.

அந்த வாரம் பார்த்து ரம் கடையில் டோமினோ ஆட்டம். எதிரில் இருந்தவன் கட்டையைப் படாரென்று வைத்து, "உங்க பக்கம் அப்படி ஆடுவாங்களோ என்னமோ" என்றானாம். விடிந்ததும் சாக்கட்டி. சனிக்கிழமை லாரி. இந்தத் தடவை செயின்ட் ஜான்.

நான் போய்ச் சேர்ந்தபோது முன்வீடு முழுக்க லாரியில் இருந்தது. பின்பக்கத்துச் சாய்ப்புதான் அடுக்களை. அதன் நடுவில் இஸ்மே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு காய்.

"எந்திரிடி. இதையும் கழட்டணும்" என்றான் டார்ன்லி.

"வீட்டைக் கொண்டு போ. அடுக்களை வராது."

"என்ன பேச்சு இது?"

"ஏழு மரம் நட்டேன். ஒரு காய் தின்னல. முழங்கால் ரெண்டும் போச்சு. இனி எட்டாவது நடமாட்டேன்."

லாரி ஓட்டுகிற ஹார்கோர்ட், என் பெரியம்மா மகன், தலையை நீட்டினான். "அண்ணே, அக்காவையும் சேத்து ஏத்தணும்னா ஆள் பத்தாது, இப்பவே சொல்லிடுங்க!"

டார்ன்லி என் பக்கம் திரும்பினான். "மதினி, நீங்களாவது சொல்லுங்க."

"சொல்றேன். இஸ்மே, நல்லா உக்காரு."

போய்விட்டான். அடுக்களை இல்லாத வீட்டோடு போய்விட்டான்! வீடு நிமிர்த்துகிற அன்று வருகிறவர்களுக்கெல்லாம் வீட்டுக்காரி சமைத்துப் போட வேண்டும். வீட்டுக்காரி செயின்ட் ஜோசப்பில் காய் சுட்டுக்கொண்டிருந்தாள். செயின்ட் ஜானில் ஒருவனும் கை கொடுக்க வரவில்லை. பலகைகள் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தன. இவன் அவற்றின் பக்கத்தில் கிடந்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினான். "பசிச்சுது, வந்தேன். வேற ஒண்ணுமில்ல." சாப்பிட்டுவிட்டுப் போனான். மறுநாளும் வந்தான். அதற்கடுத்த நாள் கக்கத்தில் ஒரு பலகை.

"என்ன இது?"

"அடுக்களை ஒழுகுது. இது சும்மாத்தானே கிடந்துச்சு."

அன்றிலிருந்து நாளுக்கு ஒரு பலகை. "பெரியவரே, இது பஸ்ஸா லாரியா?" என்று கண்டக்டர் கத்துகிறான். மொத்தமாக லாரியில் ஏற்றி வா என்றால், "நான் எங்க திரும்பி வரேன்னு சொன்னேன்?" என்று என்மேல் பாய்கிறான். ராத்திரித் தூக்கம் என்னவோ இப்போது அடுக்களையில்தான். நான் தலையில் அடித்துக்கொண்டு காப்பி குடிக்கிறேன்.

நேற்று வந்தது பதினான்காம் பலகை. இஸ்மே காயைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள், அவன் பக்கம் பார்க்கவில்லை. அவன் பலகையைச் சுவரில் வைத்தான், ஆணியை வாயில் கவ்வினான். பிறகு என்ன நினைத்தானோ, பலகையை இறக்கி, உள்ளங்கையில் எச்சில் தொட்டு, சாக்கட்டியில் எழுதியிருந்த அந்தப் பதினான்கை அழுத்தித் துடைத்தான். சட்டைக் கையாலும் ஒரு முறை துடைத்துவிட்டு ஆணி அடித்தான்.

டார்ன்லி இப்போது செயின்ட் ஜோசப்பில் இருக்கிறான்.