கோடையில் எடுத்த அளவு

குளிர்காலத்தில் ஒருவர் முகம் வாடியிருந்தால் பின்லாந்தின் வடகோடி ஊரான இவாலோவில் யாரும் காரணம் கேட்பதில்லை. ஹில்க்கா கூர்ட்டியும் அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர், அவரும் கேட்டதில்லை.

பகலில் பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்த்தார். மாலையில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் அடியிலிருந்த போர்க்காலப் பதுங்கிடத்தில் எடைப்பயிற்சி அளித்தார். சாளரமில்லாத அந்த அறையின் இரும்புக் கதவைச் சாத்திவிட்டால், வெளியே கோடையின் நள்ளிரவுச் சூரியனா குளிர்காலத்தின் நண்பகல் இருட்டா என்பது தெரியாது. பருவங்களுக்கு இங்கே அனுமதியில்லை என்று அவர் பெருமையாகச் சொல்வதுண்டு.

இளமையில் அவரும் எடை தூக்கியவர்தான். அன்றைய பயிற்சியாளர் எல்லாருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுத்து, எல்லாரையும் ஒரே குரலில் அதட்டினார். அதட்டினால் சுருங்கிப்போகும் இயல்புடைய ஹில்க்கா, முப்பது வயதுக்குள் எடைக்கம்பியைத் தொடுவதையே விட்டுவிட்டார். அதனால்தான், பல ஆண்டுகள் கழித்துத் தம்பெரே நகரில் பயிற்சியாளர்களுக்கென நடந்த வகுப்பொன்றில், பயிற்சியை அவரவர் மூளையின் வேதியியலுக்கும் குணத்துக்கும் ஏற்ப அமைக்கவேண்டும் என்று கேட்டபோது அவருக்குக் கண்கள் கலங்கின. சிலருடைய மூளை கிளர்ச்சி தரும் டோபமைனுக்கு ஏங்கும்; அவர்களுக்குப் பெரிய எடையும் புதுமையும் போட்டியும் வேண்டும். சிலர் எளிதில் பதறுவார்கள். அவர்களுக்கு மிதமான எடையும் மாறாத ஒழுங்கும் வேண்டும்.

மர லாரி ஓட்டும் ரெய்யோ இரண்டாம் வகை. மலைபோன்ற உடம்பு, போட்டி என்றாலே வாந்தியெடுப்பான். அவனுக்கு ஆண்டுக்கணக்கில் ஒரே பயிற்சிகளைக் கொடுத்து, ஒருமுறையும் குரலை உயர்த்தாமல் ஹில்க்கா அவனைத் தேற்றியெடுத்தார். அதன்பிறகு தம் கணிப்பில் அவருக்கு ஐயமே எழவில்லை.

சென்யா வந்தது ஜூன் மாதத்தில். விமான நிலையத்தில் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை அவளுக்கு. ஓயாமல் பேசினாள், தூக்கம் தேவையில்லை என்றாள், எடையை ஏற்றுங்கள், இன்னும் ஏற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். ஹில்க்கா அவளை இரண்டு வாரங்கள் கூர்ந்து பார்த்து, முதல் வகை என்று முடிவுசெய்தார். வாரந்தோறும் புதுப் பயிற்சி, உச்ச எடை, ஒவ்வொரு தூக்கலுக்கும் முன்னால் முதுகில் ஓர் அறை.

"இந்தப் பொண்ணு கம்பியத் தூக்கல கோச். கம்பிதான் பயந்துபோய்த் தானா எந்திரிக்குது" என்றான் ரெய்யோ.

நவம்பரில் சென்யாவின் பேச்சு நின்றது. பயிற்சிக்குப் பின் நீராவி அறையில் எல்லாருடனும் உட்காராமல், உடை மாற்றிக்கொண்டு போய்விடுவாள். தூண்டுதல் குறைந்தால் இந்த வகையினர் மங்கிவிடுவார்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எனவே ஹில்க்கா எடையைக் கூட்டினார். இன்னும் உரக்கக் கத்தினார்.

சென்யா ஒருமுறை கேட்டாள்: "ரெய்யோ பண்றத நானும் கொஞ்ச நாள் பண்ணட்டுமா கோச்?"

"அது அவனுக்குத் தச்ச சட்டைம்மா. உனக்கு மூச்சு முட்டும்."

அவள் மறுபடி கேட்கவில்லை.

டிசம்பரில், ரொவானியெமி நகரில் நடக்கவிருந்த போட்டிக்கு முந்தைய வாரம், கனத்த எடையைத் தோளில் ஏற்றி, குந்தி எழும் ஸ்குவாட்டுக்கு இறங்கினாள். கம்பியின் ஒரு முனையில் ரெய்யோ, மறுமுனையில் ஹில்க்கா. அடிவரை போனவள் குந்தியபடியே இருந்துவிட்டாள். நடுங்கவில்லை, முக்கவில்லை.

"பிடிங்க கோச்" என்றான் ரெய்யோ.

"தொடாத. அவளே எந்திரிப்பா. இவ போராடுற ஜாதி."

ரெய்யோ பொறுக்கவில்லை, தன் முனையைத் தூக்கினான். ஹில்க்காவின் கைகள் ஒரு கணம் பிந்தின. கம்பி சாய்ந்தது. அதன் அடியில் சென்யாவின் இடுப்பு திருகிக்கொண்டது.

முதுகெலும்பில் அறுவை நடந்தது. இடக்காலின் வலு முழுதாகத் திரும்பாது என்றார்கள். மருத்துவமனையில் ஹில்க்கா கட்டிலருகே உட்கார்ந்தார். நண்பகலிலும் விளக்கு எரிந்தது. சென்யாதான் முதலில் பேசினாள்.

"வருஷா வருஷம் இருட்டு வந்தா நான் இப்பிடித்தான் கோச். உள்ள ஒண்ணுமே இருக்காது. அன்னைக்குக் கீழ போனப்ப, மேல வரணும்னே தோணல."

ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்த ஹில்க்கா, அப்படியே அடக்கிக்கொண்டார். தாம் கேட்டதில்லையே.

"வெளிச்சம் வந்தா வேற ஆளாயிடுவேன். எடை தூக்கணும்னு வந்து நிப்பேன், சிரிப்பேன், சண்டை போடுவேன். அப்ப என்ன உள்ள விடாதீங்க. அவள நம்பாதீங்க."

ஹில்க்கா சரியென்று தலையசைத்தார்.

மே மாதக் கடைசியில் அவள் வந்தாள். ஊன்றுகோல் ஒரு கையில், முகமெல்லாம் மலர்ச்சி. பதுங்கிடத்தின் படிகளில் ஒற்றைக் காலால் தாவித் தாவி இறங்கும்போதே, மருத்துவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றும், உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சிகளில் இக்கோடையிலேயே சாதனை படைப்பேன் என்றும் பேசிக்கொண்டே வந்தாள். அந்தக் கண்களின் ஒளியைத்தான் சென்ற ஜூனில் ஹில்க்கா அவளுடைய குணம் என்று எண்ணியிருந்தார்.

"குளிர்காலத்துல உளறினத எல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க கோச். இதுதான் நான்."

குளிர்காலத்துச் சென்யா, கோடைச் சென்யா, இவ்விருவரில் யார் சொல்லைக் கேட்பது என்று ஹில்க்காவுக்கு விளங்கவில்லை. அவள் வாசலைத் தாண்டுமுன் கதவை இழுத்துச் சாத்தி, உள்ளிருந்து தாழிட்டார். ஊன்றுகோலால் தட்டும் ஓசை கேட்டது, பிறகு சிரிப்பு, பிறகு வசவு. ரெய்யோ தன் கம்பியைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்து நின்றான். ஓசை ஓய்ந்தபின்னும் ஹில்க்கா தாழிலிருந்து கையை எடுக்கவில்லை.