ஏரிக்குள் இறங்கிய பால்வீதி

இன்று காலை தெருவோரம் வெள்ளைப் பொடி தூவிக்கொண்டு போனார்கள். சுண்ணாம்பு நெடி மூக்கில் ஏறியதும், எதற்கு, யார் சொன்னது என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டேன். கொசுவுக்காம். நான் நம்பவில்லை. பால்காரரையே சந்தேகமாகப் பார்க்கிற ஆள்தான் நான். ஆனாலும் சுண்ணாம்புக் கோட்டின் மீதான சந்தேகம் உத்திரமேரூர்ப் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது.

அறுபதுகளில் அங்கே கணக்கு வாத்தியாராக இருந்தேன். அறிவியலுக்கு ஏகாம்பரம், காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. அச்சில் வந்த எதையும் லேசில் நம்பமாட்டார். பால்வீதிக்குச் சுருள் சுருளாகக் கைகள் உண்டு என்று புத்தகத்தில் படம் இருந்தது. மையத்துக்கு அருகில் உள்ள நட்சத்திரம் சீக்கிரம் சுற்றி வந்துவிடும், தள்ளியிருப்பது பின்தங்கும். அப்படியானால் அந்தக் கைகள் எப்போதோ இறுக முறுக்கிக்கொண்டிருக்க வேண்டாமா என்று என்னைக் குடைவார்.

ஒரு கோடையில், வற்றிய ஏரிக்குள் முளையடித்து, சுண்ணாம்பில் வட்டங்கள் போட்டு, பிள்ளைகளை நட்சத்திரங்களாக நடக்கவிட்டார். ஒரே வரிசையில் கிளம்பியவர்கள் சற்று நேரத்தில் சுருண்டு, சிக்குப் பிடித்துப்போனார்கள். அவருக்குப் பரம சந்தோஷம்.

மறுநாள் முளைகளைக் காணோம். கரையோரக் குடிசைகளில் இருந்த கூலிக்காரர்கள் பிடுங்கியிருந்தார்கள். அங்கேயே குடியிருந்து நடவுக்கு ஆள் சேர்க்கும் ரூத்தம்மாள் அவர்களுக்காகப் பேச வந்தாள். ஏகாம்பரம் வானத்தைக் காட்டி விளக்கினார்.

"நட்சத்திரம் மேல கீது. முளை எங்க வூட்டாண்ட இன்னாத்துக்கு சார்? எங்கள கெளப்பத்தான அளக்கறீங்க?"

அவர் கோபிக்கவில்லை. எல்லாரையும் அழைத்து, வட்டத்தில் நடக்கச் சொன்னார். சுருளின் கை என்பது வெறும் நெரிசலாக இருக்கலாம் என்று எங்கோ படித்திருந்தார். தேர் திரும்பும் முனையில் கூட்டம் குறையாது, ஆட்கள் மட்டும் வந்து வந்து போவார்கள், அதுபோல என்றார். பெண்கள் சிரித்துக்கொண்டே சுற்றினார்கள். ரூத்தம்மாளும் சுற்றினாள். முளைகள் திரும்பி வந்தன.

அடுத்த வருஷம் நிஜமான நில அளவைக்காரர்கள் வந்து, முளையடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். பள்ளிக்கூடத்து ஆட்டம் என்று நினைத்து யாரும் கேட்கவில்லை. பிள்ளைகள் அந்தக் கோடுகளிலும் ஓடினார்கள். விஷயம் தெரிந்தபோது குடிசைகளைப் பிரிக்க ஆள் வந்துவிட்டது.

பழையசீவரத்தில் உறவுக்காரர் வீட்டுக்குக் கிளம்பிய ரூத்தம்மாள், பள்ளிக்கு வந்து ஏகாம்பரத்திடம் சொன்னாள்: "உங்க மேல தப்பு இல்ல சார். நாங்க நம்புனதுதான் தப்பு."

அவர் பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எதற்காக அந்த நிலத்தைப் பிடுங்கினார்களோ, வெகுகாலம் அங்கே முள்தான் மண்டியது. இப்போது கல்யாண மண்டபம். இங்கே ஜனங்கள் குடியிருந்தார்கள் என்று போன மாதம் வாசல் காவலாளியிடம் சொன்னேன். நான் பால்காரரைப் பார்ப்பதுபோல அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.